பயம் ஒன்று, நோய் வேறு

எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்தான் பல இளைஞர்களுக்குத் தெரிந்த பாலியல் மருத்துவம். மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், அறை எண் இவ்வளவு என்று போட்டிருக்கும். வெட்டை, மேகம் என்று பேர் வைத்து லேகியம் விற்பார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவும் பென்சிலின் ஊசியும் இருந்தன. அந்த வரிசையில் நிற்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம்தான் ஆளை லாட்ஜுக்குத் துரத்தியது. வாய்வழி உறவைப் பற்றியோ பேச்சே கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி அதுவும் குற்றம் என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டிருந்தன. குற்றத்தை டாக்டரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தபோது, இந்தியாவிலும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெல்லாம் விளம்பரம். எய்ட்ஸைப் பற்றி வாய்விட்டுப் பேச வைத்தது அது. கூடவே, பால்வினை நோய் என்றாலே எய்ட்ஸ்தான் என்ற எண்ணமும் ஊறிப்போனது.

இன்று அந்தச் சட்டப்பயம் இல்லை. வயதுவந்த இருவர் சம்மதித்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வருகிறவர்கள் “ஒரு தப்பு பண்ணிட்டேன் சார்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்பதும் எச்.ஐ.வி. சோதனை மட்டும்தான். நெகட்டிவ் என்று வந்தாலும் மனம் ஆறாமல் அடுத்த லேபுக்குப் போகிறார்கள்.

வாய்வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதே வழியில் தாராளமாகப் பரவக்கூடிய சிபிலிஸ், கொனோரியா, ஹெர்பிஸ், ஹெச்.பி.வி. ஆகியவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

தொண்டையில் கொனோரியா இருந்தால் பெரும்பாலும் வலிகூட இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரியாது. பஞ்சுக் குச்சியால் டான்சில் பக்கம் தடவி எடுக்க வேண்டும். குமட்டும், சில நொடிதான். வாய்வழி உறவு என்று நாம் சொன்னால்தானே டாக்டர் அந்தக் குச்சியை எடுப்பார்? சொல்லாவிட்டால், தொண்டையில் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கிடைக்காமல் போகும்.

சிபிலிஸ் இன்னும் நயவஞ்சகமானது. தொற்றி சுமார் மூன்று வாரம் கழித்து உதட்டிலோ நாக்கிலோ வலிக்காத ஒரு புண் வரும். சூட்டுப் புண் என்று மெடிக்கலில் பி-காம்ப்ளக்ஸ் வாங்கிப் போடுவோம். புண் தானாகவே ஆறிவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். கண்டுபிடித்துவிட்டால், ஆரம்ப நிலையில் ஒரு பென்சிலின் ஊசியே பெரும்பாலும் போதும். துணைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் தொற்று ரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மறுநாளே ஓடிப்போய் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாகத் திரிகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.