பெட்டியும் கட்டையும்

இசைக் கருவிகளுள் ஆர்மோனியப் பெட்டியைப் போல வசை கேட்ட கருவி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. கமகம் அறியாதது என்று கருநாடக சங்கீத வித்துவான்கள் அதனை ஒதுக்கினார்கள். மகாகவி தாகூர் தமது சாந்திநிகேதனத்தில் அதற்கு இடமளிக்க விரும்பவில்லை. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. 31 ஆண்டுகள் கழிந்து 1971இலேதான் அந்தக் கதவு சிறிது திறந்தது.

இத்தனை ஏச்சையும் தாங்கிக்கொண்டு பெட்டி பிழைத்திருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற எமது கரையோர ஊர்களில், முறையாகச் சங்கீதம் பயிலாத, ஆயினும் பாட்டின்மேல் தீராத ஆசை கொண்ட ஒருவர் வீட்டில் வைத்து வாசிக்க ஒரு கருவி தேடுவாராயின், அவருக்கு இன்றும் ஏற்றது இதுவே என்பது என் துணிபு. அத்தகைய ஆசைக்காரருள் நானும் ஒருவன். மேடை ஏறும் நோக்கம் எனக்கில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் திண்ணையிலே பாயை விரித்து, பெட்டியின் துருத்தியைத் திறந்து, அன்று காதில் விழுந்த ஒரு மெட்டை விரலால் தேடிப் பிடிப்பதே என் இன்பம். நூலைப் பார்த்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தேடலின் சுவை தெரியாது. மூன்று சுரம் சரியாக வரும், நாலாவது வழுக்கிவிடும், பக்கத்துக் கட்டையைத் தொட்டவுடன் பாட்டு முழுவதும் கதவு திறந்தாற்போல வந்து நிற்கும்.

இந்தப் பெட்டிக்கு மேனாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் கன்சர்ட்டினா. அறுகோண வடிவான இரண்டு மரப் பலகைகள். அவற்றின் நடுவே மடிப்பு மடிப்பான ஒரு துருத்தி. இரு கைகளாலும் அழுத்தியும் இழுத்தும், விரலால் பொத்தான்களைத் தொட்டும் அதனை வாசிப்பார்கள். அதனை உருவாக்கியவர் சேர் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்றால் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆம், மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் பாலத்துக்குப் பெயர் தந்த அதே அறிஞர்தாம். (அந்தப் பாலத்தை முதலில் அமைத்தவர் கிறிஸ்டி என்பவர்; வீட்ஸ்டன் அதனைப் பிரபலப்படுத்தினார். பெயர் மட்டும் இவருக்குப் போய்விட்டது!) இசைக் கருவி செய்யும் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1829இல் தொடங்கிய அவருடைய முயற்சி, 1844ஆம் ஆண்டு உரிமைப் பத்திரத்துடன் கன்சர்ட்டினாவாக நிறைவுற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன், 1842இல், பாரிஸ் நகரத்து டெபெயின் தமது ஆர்மோனியத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார்.

இரண்டிற்கும் உயிர் ஒன்றே: பித்தளை நாக்கு. ஒரு பித்தளைத் தகட்டில் நீளமான துளை வெட்டி, அத்துளையினும் மயிரளவு சிறிய ஒரு நாக்கை ஒரு முனையில் மட்டும் அறைந்துவிடுவார்கள். காற்று அவ்வழியே போகும்போது நாக்குத் துளையினுள் அங்குமிங்கும் அதிர்ந்து நாதம் எழும். நாக்கு நீளமாயின் நாதம் தாழும், குறுகினால் உயரும். நுனியைச் சிறிது அராவினால் சுருதி ஏறும். அடியை அராவினால் இறங்கும். சிறுவர் வாயில் வைத்து ஊதும் மவுத் ஓகனும் இவ்வகையே. இவற்றுக்கெல்லாம் மூத்தது, மூங்கிற் குழல்களைக் கொண்ட சீன நாட்டு ஷெங்.

கன்சர்ட்டினாவை விரும்பிப் பயிலும் மேனாட்டார் அதனைத் தெரிந்தெடுப்பதில் காட்டும் கவனம் வியப்புக்குரியது. ஆங்கில முறைக் கருவியில் ஒரு பொத்தானைத் தொட்டால் துருத்தியை அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரே சுரம் வரும். ஆங்கிலோ எனப்படும் மற்ற முறையில் அழுத்தும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறொரு சுரம். முன்னையது பாட்டைத் தொடர்ந்து இழைத்து வாசிக்க ஏற்றது. பின்னையது துள்ளும் நடனத்துக்கு ஏற்றது. அயர்லாந்தின் கிளேயர் மாவட்டத்துப் பெண்கள் ஆங்கிலோவையே கைக்கொண்டதன் காரணம் இதுவாகவே இருக்கலாம். எதை வாசிக்கப் போகிறோம் என்று முதலில் தெளிந்து, அதன் பின்பே கருவியைத் தேடுவது அவர்கள் வழக்கம். நம்மவரோ பெட்டியின் பளபளப்பைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எதை வாசிக்கலாம் என்று யோசிக்கிறோம்!

கடல் கடந்து வந்த பெட்டி

டெபெயினுடைய ஆர்மோனியம் நாற்காலியில் அமர்ந்து இரு கால்களாலும் மிதித்து வாசிப்பது. மருதமுனை நெசவாளி ஒருவரை அதன் முன் அமர்த்தினால், கால்மிதியும் கைவேலையும் ஒருங்கே நடத்தும் பழக்கத்தால் எளிதில் கற்றுக்கொள்வார். ஆனால் பாயில் அமர்ந்து பாடும் நாட்டுக்கு அது பொருந்தவில்லை. கல்கத்தாவில் 1875இல் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகநாத் கோஷ் என்பவரே, அதனைச் சுருக்கி, பின்புறம் துருத்தி வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும் பெட்டியாக்கியவர் என்று போற்றப்படுகிறார். பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் மேனாட்டு முறைக்கு இரு கைகளும் வேண்டும். ஒரே இழையாக ஓடும் நமது பாட்டுக்கு ஒரு கை போதும். அந்த நுட்பத்தை உணர்ந்த மாற்றம் இது.

இலங்கைக்கு இது நாடகத்தோடு வந்தது. 1877இல் பார்சி நாடகக் குழுவொன்று கொழும்புக்கு வந்து ஆடிற்று. அதன்வழி பிறந்த சிங்கள நூர்த்தி நாடகம் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் செழித்தது. சிங்களவர் இப்பெட்டியைச் சர்ப்பினா என்பர். தமிழ்நாட்டிலும் அவ்வாறே, 1933இல் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் காலத்து நாடக மேடையை ஆர்மோனியம் இன்றி நினைக்க இயலாது. அம்மேடையில் பெட்டி வாசித்துப் பெரும்புகழ் கொண்டவர்களுள் காதர் பாட்சா ஒருவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

நமது ஊர்களில் இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோற்கருவி ஒன்றை மட்டும் ஏற்று ஏனையவற்றை விலக்குவோரும் உளர். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற நாட்களில் பாவாமார் றபானைத் தட்டிப் பாடுவதை ரசிப்பவர், அடுத்த வீட்டிலே பெட்டிச் சத்தம் கேட்டால் முகம் சுளிக்கவும் கூடும். ஆகவே பெட்டி வாசிப்போர் குரலை அடக்கி வாசிக்கப் பழகிக்கொள்வது நன்று. அடக்கி வாசிக்கக் கூடிய பெட்டியே நல்ல பெட்டியும் ஆகும். அது எவ்வாறென்பதைக் கீழே சொல்கிறேன்.

தெரிந்தெடுக்கும் விதம்

"எத்தனை கட்டையில் பாடுவீர்கள்?" என்பது பாடகரைப் பார்த்துக் கேட்கும் வழக்கமான கேள்வி. இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது? ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலிருந்துதான். முதற் கட்டையை ஆதார சட்சமமாக வைத்தால் ஒரு கட்டை. அடுத்ததை வைத்தால் இரண்டு கட்டை. இடையிலுள்ள கறுப்பை வைத்தால் ஒன்றரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு இல்லாமையால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. பெட்டியைப் பழித்த வித்துவான்களும் தம் குரலை அளந்து சொல்லப் பெட்டியின் கணக்கையே கையாண்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஆகவே பெட்டி வாங்கப் போகுமுன் தமது கட்டையை அறிந்துகொள்ள வேண்டும். ஆண்களுள் அநேகர் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையிலும், பெண்கள் நாலரைக்கும் ஆறுக்கும் இடையிலும் பாடுவார்கள். நாகூர் ஹனிபாவின் பாட்டை அவர் எடுத்த உச்சத்திலேயே பாட முயன்று தொண்டை கட்டிக்கொண்ட இளைஞர்களை நம்மூரில் எங்கும் காணலாம். மெட்டு அவருடையதாக இருக்கட்டும். கட்டை நம்முடையதாக இருப்பதே நலம்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் கட்டைகளைத் தொட வேண்டாம். குமிழ்களை எல்லாம் மூடிவிட்டுத் துருத்தியை அடியுங்கள். உள்ளே காற்று நிறைந்தபின் துருத்தி அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். மெல்லச் சரிந்து இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு குமிழைத் திறந்து, எந்தக் கட்டையையும் தொடாமல் காற்றடியுங்கள். பெட்டி தானாக முனகினால் உள்ளேயுள்ள மூடிகள் சரியாகப் படியவில்லை. அடுத்தது முக்கியமான சோதனை. மிகக் குறைந்த காற்றில், உறங்கும் குழந்தையின் மூச்சளவு காற்றில், ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். நல்ல நாக்கு அந்தச் சிறு காற்றுக்கே வாய் திறக்கும். மட்டமான நாக்குப் பலமாக அடித்தாலன்றிப் பேசாது. குஜராத்தின் பாலித்தானா நாக்குகளுக்கு வணிகரிடையே பெரும் மதிப்பு இருப்பது இதனாலேயே. அடக்கி வாசிக்கத் தகுந்த பெட்டி என்று நான் சொன்னது இதைத்தான்.

குமிழ்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். சில பெட்டிகளில் அழகுக்காக மட்டும் பொருத்திய குமிழ்களும் உண்டு. கட்டைகள் 37, 39, 42 என்று இருக்கும். வீட்டுக்கு 37 போதும், அதாவது மூன்று ஸ்தாயி. நாக்கு வரிசை இரட்டையாக இருப்பது நன்று. ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்கும்போது நாதத்துக்குக் கனம் வரும். கட்டை வரிசையை முழுவதும் நகர்த்திச் சுருதியை மாற்றும் பெட்டிகளும் உள்ளன. விரல் பழகிய இடத்தை விடாமல் எந்தப் பாடகருக்கும் வாசிக்கலாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் பாரம் அதிகம்; நகரும் உறுப்புகளும் அதிகம். கடற்காற்று வீசும் ஊரில் நகரும் உறுப்பு எதுவும் குறைந்திருப்பதே நல்லது.

இன்று மின்சாரக் கீபோர்ட் எளிதாகக் கிடைக்கையில் பெட்டி எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். கீபோர்ட்டில் நூறு வாத்தியங்களின் குரல் உண்டு. ஆனால் மூச்சு இல்லை. பெட்டியில் இடக்கை அடிக்கும் காற்றே பாட்டின் மூச்சு. கரைவலை இழுப்போர் எல்லோரும் ஒரே சீராக இழுப்பதுபோல, விரல்கள் எவ்வளவு விரைந்தாலும் துருத்திக் கை நிதானம் தவறாமல் இருக்க வேண்டும். வரியின் முடிவில் அதனைச் சற்றுத் தளர்த்தினால் நாதம் பெருமூச்சுப்போல் தணியும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு சென்றது. அந்த ஓராண்டும் இன்பமாகவே கழிந்தது.

இனிப் பெட்டியின்மேல் சாட்டப்படும் பெரிய குற்றத்துக்கு வருவோம். அதன் 12 சுரங்களும் சம அளவாகப் பிரிக்கப்பட்டவை. செவிக்கு இயல்பாக இனிக்கும் அந்தர காந்தாரத்தைவிடப் பெட்டியின் காந்தாரம் உயர்ந்திருக்கும். அரைச் சுரத்தை 100 கூறாக்கினால் அதில் 14 கூறு மிகுதி. சாய்ந்தமருதை அடுத்த காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947), விஞ்ஞானப் பட்டதாரி. சுரங்களின் இத்தகைய நுண்ணிய அளவுகளைக் கணித முறையால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். அந்தப் பேரறிஞரின் ஊருக்கு அருகில் இருந்துகொண்டு 14 கூறு பெரிதல்ல என்று சொல்ல எனக்கு நாவெழாது.

பரிகாரம் உண்டு. நாக்குகளை அராவத் தெரிந்த ஒருவர், உமது கட்டையை ஆதாரமாக வைத்துக் காந்தாரத்தையும் தைவதத்தையும் இயற்கை அளவுக்கு இறக்கித் தருவார். வட இந்தியப் பாடகர்களோடு வாசிப்போரிற் பலர் அவ்வாறு செய்துகொள்வதுண்டு. அப்பெட்டியில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் நாதம் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கட்டைக்கென்று சீர்செய்த பெட்டியில் இரண்டு கட்டைக்காரர் ஒருவருக்கு வாசித்தால், அவருடைய பஞ்சமமே 20 கூறுக்கு மேல் இறங்கி ஓலமிடும். தனக்கென்று இனிமையாக ஆக்கிய பெட்டி பிறருக்கு உதவாது. எல்லோருக்கும் உதவும் பெட்டி எவருக்கும் முழு இனிமை தராது. தனியே பாடுபவர் முன்னையதைக் கொள்ளட்டும். என் வீட்டில் நால்வர் நாலு கட்டையில் பாடுகிறார்கள். எனவே சமப் பிரிவுப் பெட்டியையே வைத்திருக்கிறேன். காந்தாரத்தில் மட்டும் விரலை நெடுநேரம் நிறுத்துவதில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாரி காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். உப்புக் காற்றில் பித்தளை களிம்பு பிடிக்கும். கரப்பான் உள்ளே புகுந்து தோலை அரிக்கும். சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்துத் துணியால் மூடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், மரம் வெடித்துவிடும். தினமும் சிறிது நேரம் வாசிப்பதே எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு.

பெட்டிக்கு அடங்காத பாட்டு ஒன்றும் நம்மிடம் உண்டு. அது நமது பெண்கள் வழிவழியாகப் பாடிவரும் கவி. அதன் குரல் நெளிந்தும் இழைந்தும் இரண்டு கட்டைகளுக்கு இடையேயுள்ள வெளியிலேயே உலாவுவது. சுரம் சுரமாக அதனைத் தொடர முயன்றால் பாட்டுக் கெடும். எங்கள் வீட்டு மூத்தம்மா கவி எடுக்கும் வேளைகளில் நான் ஸவையும் பவையும் மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டு துருத்தியை அடிப்பேன். அவர் நிறுத்தும் வரை விரல் வேறெங்கும் போவதில்லை.