கேஸ் போட்டி, கோடைப் பயிற்சி: மகள் கேட்டால் என்ன சொல்வது?



நம்ம பக்கம் கல்லூரி லீவு விட்டால் பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று உங்களுக்கே தெரியும். ஒன்று மில்லு, இல்லை தறிக்குப் பாவு வேலை, அதுவும் இல்லையென்றால் அம்மாவோடு காட்டு வேலை. அந்த இரண்டு மாசச் சம்பளத்தில்தான் அடுத்த வருசப் பீஸில் ஒரு பகுதி கட்டுகிறோம். இப்போது சில பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "அம்மா, கேஸ் போட்டியில கலந்துக்கிறேன். ஜெயிச்சா ஒரு ஸ்டார்ட்அப்புல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப்." கூட்டமைப்புக் கூட்டங்களில் இதைப் பற்றி விசாரிக்கும் அக்காமார்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் இந்த இதழில் விவரமாகவே எழுதுகிறேன்.

கேஸ் என்றதும் போலீஸ் கேஸா, கோர்ட்டுக் கேஸா என்று பயப்பட வேண்டாம். இங்கே கேஸ் என்பது ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் வந்த சிக்கலைக் கதை போல எழுதி, "நீங்களாக இருந்தால் என்ன முடிவு எடுப்பீர்கள்?" என்று மாணவர்களைக் கேட்பது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் சுமார் நூறு வருசமாக இப்படித்தான் பாடம் நடக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. நம்ம ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் முகாமில் போய் புரை எடுத்து வந்திருக்கிறார்கள்! வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. பணம் கட்டுகிறவர்களிடம் வருவதை வைத்தே, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாக ஆபரேசன் செய்வது எப்படி? அதை இன்னும் பெரிதாக்குவது எப்படி? 1993-இல் ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் இதைக் கேஸாக எழுதினார். பல நாட்டு மாணவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள்.

இன்னொன்று நம்மைப் பற்றியதே. ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 2001 வாக்கில் நல்கொண்டா மாவட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களை வைத்துச் சோப்பும் ஷாம்பும் விற்க 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. விற்கிற பெண்ணுக்கும் லாபம் நிற்க வேண்டும், கம்பெனிக்கும் கட்டுப்படியாக வேண்டும். 2005-இல் அதுவும் ஹார்வர்டில் கேஸ் ஆனது. குழுப் பெண்களின் வியாபாரத்தை அங்கே பாடமாக உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அடுத்து, ஸ்டார்ட்அப். புது யோசனையை வைத்து ஆரம்பித்த சின்னக் கம்பெனி. 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்த பனீந்திர சமா என்ற இளைஞர், நண்பர்களோடு சேர்ந்து 2006-இல் ரெட்பஸ் தொடங்கினார். அது நிலைத்தது. எல்லாம் அப்படி நிலைப்பதில்லை, இரண்டு மூன்று வருசத்தில் மூடுவதும் நிறைய. இன்டர்ன்ஷிப் என்றால் அங்கே சில வாரம் கூட இருந்து வேலை பழகுவது. நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்!

போட்டி எப்படி நடக்கும்? பெரும்பாலும் மூன்று நான்கு பேர் ஒரு அணி. கம்பெனி தரும் சிக்கலைப் படித்து, சில நாளில் பதில் தயாரித்து அனுப்ப வேண்டும். தேறிய அணிகள் நடுவர்கள் முன் பத்து நிமிசம் போலப் பேசி, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2017 முதல் நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானும் இதே ஜாதிதான், அங்கே சிக்கலுக்குக் கருவியோ கம்ப்யூட்டர் செயலியோ செய்து காட்ட வேண்டும். ஆறு பேர் அணியில் ஒரு பெண்ணாவது கட்டாயம்.

"இங்கிலீசு பேசுற டவுன் பிள்ளைங்கதானே ஜெயிக்கும்?" என்று ஒரு அக்கா கேட்டார். இங்கிலீசு ஒரு தடைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு ஸ்டார்ட்அப் குதிரைவாலி அரிசி விற்கிறது. திருச்சுழிப் பக்கம் விவசாயியிடம் நேராக வாங்குவதா, கமிசன் கடையில் வாங்குவதா? உமி நீக்கும் மிஷினை எங்கே வைப்பது? நூறு கிலோ தானியத்துக்கு அரிசி எவ்வளவு நிற்கும்? மழை பொய்த்த வருசம் என்ன செய்வது? இதற்குச் சென்னைப் பிள்ளை கம்ப்யூட்டரில் தேட வேண்டும். உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டால் போதும். குழுவில் ஒருவர் கறவை மாட்டுக் கடன் கேட்டால் தீவனம், பால் விலை, தவணை எல்லாம் நாம் அலசுகிறோமே, அதுவும் கேஸ்தான்.

இனி பணம். முதலில், ஜெயித்தவரிடம் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். கல்லூரி விழாக்களில் நூறு இருநூறு நுழைவுக் கட்டணம் வாங்குவது உண்டு, அது வேறு. "தேர்வாகிவிட்டீர்கள், டெபாசிட் கட்டுங்கள், லேப்டாப்புக்கு முன்பணம் அனுப்புங்கள்" என்றால் அது ஏமாற்று. அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டு மனு வந்தால், பிரதிநிதிகள் தயவுசெய்து தீர்மானம் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, செலவுக் கணக்கு. பேச்சுக்கு, மாதம் 8,000 உதவித்தொகை தருகிறார்கள் என்போம். சென்னையில் ஹாஸ்டல் 6,500, பஸ்சுக்கு 800, கைச்செலவு 1,500. மொத்தம் 8,800. மாதம் 800 கையை விட்டுப் போகும், மில்லில் வந்திருக்கக் கூடிய சம்பளமும் இல்லை. உதவித்தொகையே இல்லாத இடங்களும் உண்டு. அப்ரண்டிஸ் என்றால் 1961 சட்டப்படி தொகை தந்தாக வேண்டும், இன்டர்ன் என்ற பெயருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. 2024 அக்டோபரில் முன்னோட்டமாக வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில்கூட மாதம் 5,000 என்றுதான் வைத்தார்கள். என் கருத்து: படிப்புக் காலத்தில் ஒரு தடவை இந்த நட்டத்தைத் தாங்கலாம், மில் சம்பளம் அடுத்த லீவுக்கும் இருக்கும். ஆனால் கந்து வட்டி வாங்கி அனுப்ப வேண்டாம். ஹாஸ்டல் முன்பணத்துக்கு மட்டும் குழுவில் கல்விக் கடனாகக் கேட்கலாம். வீட்டிலிருந்தே போனில், கம்ப்யூட்டரில் செய்யும் பயிற்சியாக இருந்தால் இந்தச் செலவு இல்லை.

அனுப்புவதற்கு முன் கம்பெனி கொடுத்த கடிதத்தை வாங்கிப் பாருங்கள். எத்தனை வாரம், எவ்வளவு தொகை, எந்த முகவரி, யாருக்குக் கீழே வேலை என்று எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர் அந்தக் கம்பெனியோடு பேசியிருக்கிறாரா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், 2013 சட்டம் பயிற்சிக்கு வந்த பிள்ளையையும் பாதுகாக்கிறது. சின்னக் கம்பெனி என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். அவசரத்துக்கு 181. தங்குவதற்கு தாம்பரம், கூடுவாஞ்சேரியில் உள்ள அரசின் தோழி விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள். ரயில் என்றால் சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டையில் நின்று போகிறது.

ஒன்று மறந்துவிடக் கூடாது. கோடைப் பயிற்சிக்கான போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் லீவுக்கு முன்பே, தை, மாசியிலேயே முடிந்துவிடும். பொங்கல் கழிந்து பிள்ளை கல்லூரிக்குப் போன முதல் வாரமே வேலைவாய்ப்பு அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத் தாள் இங்கிலீசில் இருந்து புரியவில்லை என்றால் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.