டூத் பிரஷ்ஷுடன் ஊர்வலம் போன ஆசிரியர்கள்!

குழந்தைகளே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் உங்கள் டீச்சர் எங்கே போவார்? பஸ் பிடித்து வீட்டுக்குத்தானே?

1965ம் ஆண்டு ஜனவரி 22ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள சிறு நகரம் செல்மா. அங்கே நூறு ஆசிரியர்களுக்கு மேல் அன்று வீட்டுக்குப் போகவில்லை. நல்ல உடை உடுத்திக்கொண்டு, வரிசையாகக் கோர்ட் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். பலர் கையில் டூத் பிரஷ்! எதற்கு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போனார்கள். நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870லேயே எழுதிவிட்டார்கள். எழுதி என்ன பயன்? செல்மா இருக்கும் டல்லாஸ் மாவட்டத்தில் ஓட்டுப்போடும் வயதுள்ள கறுப்பின மக்கள் சுமார் 15 ஆயிரம் பேர். பட்டியலில் பெயர் இருந்ததோ ஏறத்தாழ 300 பேருக்குத்தான்!

எப்படித் தடுத்தார்கள் தெரியுமா? பெயர் பதியும் அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். கால் கடுக்க நின்று உள்ளே போனால் அங்கே ஒரு பரீட்சை! அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, 'படி, எழுது, விளக்கம் சொல்' என்பார்கள். பாஸா, பெயிலா என்பது அங்கிருக்கும் வெள்ளைக்கார அதிகாரி இஷ்டம். வெள்ளையர் சுலபமாகப் பாஸாகிவிடுவார்கள். கறுப்பினத்தவர் பட்டம் பெற்ற ஆசிரியராக இருந்தாலும் பெயில்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே எழுதப் படிக்கத் தெரியவில்லையாம். முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர் நடத்திய கல்விக் குழு. ஊர்வலம் போனால் வேலை போகலாம். அதனால்தான் அதுவரை பெரும்பாலோர் பேசாமல் இருந்தார்கள். பிரடெரிக் ரீஸ் என்ற அறிவியல் ஆசிரியர்தான் அவர்களைத் திரட்டினார். அவர் பாதிரியாரும்கூட. 'சிறையில் போட்டாலும் போடட்டும், காலையில் பல் துலக்க வேண்டாமா?' அதற்குத்தான் அந்த டூத் பிரஷ்!

கோர்ட் வாசற்படியில் ஜிம் கிளார்க் நின்றார். அவர் ஷெரீப். மாவட்டக் காவல் அதிகாரி மாதிரி. ஆனால் அங்கே அந்தப் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஆள் வர வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். அவரும் அவருடைய ஆட்களும் ஆசிரியர்களைத் தடியால் தள்ளிப் படியிலிருந்து இறக்கினார்கள். ஆசிரியர்கள் வரிசையைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறினார்கள். மறுபடியும் தள்ளினார்கள். ஆனால் யாரையும் கைது செய்யவில்லை. ஆசிரியர்கள் தேவாலயத்துக்குத் திரும்பியபோது, அங்கே காத்திருந்த மாணவர்கள் ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். தங்கள் டீச்சரல்லவா!

பிறகு ஊரே கிளம்பியது. மாணவர்களும் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மார்ச் 7ம் தேதி சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது போலீசார் கண்ணீர்ப்புகை வீசி, தடியால் அடித்தார்கள். 25 வயது ஜான் லூயிசுக்கு மண்டை உடைந்தது. அதை நாடே டெலிவிஷனில் பார்த்தது. மார்ச் 21ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மீண்டும் புறப்பட்டு, 54 மைல் தூரத்தில் இருந்த தலைநகர் மான்ட்கோமரிக்கு 25ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சேர்ந்த கூட்டம் 25 ஆயிரம்!

ஆகஸ்ட் 6ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். (அதன் முக்கியமான ஒரு பகுதியை 2013ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அது தனிக்கதை, பெரியவர்களானதும் படியுங்கள்.) அந்தப் பரீட்சை ஒழிந்தது. மத்திய அரசு அதிகாரிகளே செல்மாவுக்கு வந்து பெயர்களைப் பதிந்தார்கள்.

1966ல் ஷெரீப் தேர்தல் வந்தது. ஜிம் கிளார்க் மறுபடியும் நின்றார். இந்த முறை வாக்காளர் பட்டியலில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களின் பெயர்கள் இருந்தன. எதிர்த்து நின்ற வில்சன் பேக்கர் ஜெயித்தார்.