மார்பகப் புற்று: தொடக்கத்திலேயே கண்டறிதல்

இந்தியப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் இன்று முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றேயாகும். தொடக்கத்தில் இது பெரும்பாலும் வலி தருவதில்லை. வலியில்லாத கட்டியை நோயென்று பலரும் கருதுவதில்லை. கருதினும் நாணத்தால் வெளியே சொல்வதில்லை. பற்றுப் போட்டுக் காத்திருக்கும் மாதங்களில் நோய் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், பின்னர் எலும்பு, நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவிவிடக்கூடும்.

மாமோகிராம் எனப்படும் எக்ஸ்ரே பரிசோதனைக்கு விலையுயர்ந்த கருவியும், படத்தை ஆராய்ந்தறியும் வல்லுநரும் தேவை. இவை கிட்டாத இடங்களில் பயிற்சி பெற்ற பணியாளரின் விரல்களே போதுமா?

இதனை அறிய மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஏறத்தாழப் பாதிப் பேரைப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை தொட்டுப் பரிசோதித்தனர். ஏனையோருக்கு நோய் பற்றிய விளக்கம் மட்டும் அளிக்கப்பட்டது. இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றுமுன்னரே புலப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவரிடையே மார்பகப் புற்றால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

மத்திய அரசு 2016-இல் வகுத்த நெறிமுறை, 30 வயதைக் கடந்த பெண்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு பரிசோதிக்கப் பணிக்கிறது. நடுவிலுள்ள மூன்று விரல்களின் உட்புறத்தால், முதலில் மெல்லவும் பின்னர் சற்று அழுத்தியும், மார்பகம் முழுவதையும், அக்குளையும், காறை எலும்பின் மேற்பகுதியையும் தடவிப் பார்த்தல் வேண்டும். கட்டி, தோலில் குழிவு, காம்பு புதிதாக உள்வாங்குதல், குருதி கசிதல் ஆகியவை தென்படின் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் அவசியம்.

கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல. ஊசியால் திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே உண்மை தெளிவாகும். ஆகவே வீண் அச்சமூட்டலும் கூடாது. பொய்யான ஆறுதலும் கூடாது. தாய்மார் கூடும் இடங்களில் ஆசிரியைகள் இதைக் கூச்சமின்றி விளக்கலாம். களப் பணியாளரின் கடமையோ கட்டியைக் கண்டதோடு முடிவதில்லை. அப்பெண் மருத்துவமனையை அடைந்து, சிகிச்சையை நிறைவு செய்தாளா என்று அறியும் வரை அது தொடர்கிறது.