கொலம்பஸில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி!

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், "தீம் பார்க் போகலாம்ப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே கொலம்பஸ் என்று ஒரு பெரிய கப்பல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, வீட்டில் ஒருவர் மட்டும், "நீங்க போங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்பார். உடனே கேலி ஆரம்பமாகிவிடும்: "பயந்தாங்கொள்ளி!"

2017-ல் நானே அந்தத் தவறைச் செய்தேன். "வேண்டாம் அத்தான்" என்ற என் மைத்துனரை, "பிள்ளைங்க முன்னாடி என்னப்பா இது, வா" என்று இழுத்துப் போனேன். இறங்கியதும் முகம் வெளிறி, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகியிருக்கிறது. "சொன்னா சாக்குச் சொல்றேன்னு சிரிப்பீங்க" என்றார். நல்லவேளை, ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் வைத்தியனான நான் தலைகுனிந்தேன்.

பயம் ஏன் வருகிறது?

பயம் கோழைத்தனம் அல்ல. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. மேலிருந்து கப்பல் சட்டென்று இறங்கும்போது உடம்பின் எடை குறைந்தது போல் ஆகிறது. வயிற்றைப் பிசைவது அதனால்தான். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் அசைவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் தலைசுற்றல், குமட்டல். கூடவே அட்ரினலின் சுரந்து, இதயம் படபடக்கும், பிரஷர் ஏறும். வாதம் தூண்டப்படுவதாகச் சித்த மருத்துவத்தில் இதைச் சொல்வோம்.

யார் ஏறக்கூடாது?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கழுத்து அல்லது முதுகுத் தண்டுக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஏற வேண்டாம். கண் ஆபரேஷனும் இதில் சேர்த்திதான். ஆகவே வரிசையில் நிற்பதற்கு முன்பே, தனியாக அழைத்துப்போய்க் கேளுங்கள்: "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" நாலு பேர் நடுவில் கேட்டால் உண்மை வராது.

துணைக்குப் போகிறீர்களா?

உடம்பில் கோளாறு இல்லை, ஆசையும் இருக்கிறது, பயம் மட்டும்தான் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

* சாப்பிட்ட உடனே வேண்டாம். காலி வயிறும் கூடாது. இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறலாம்.

* குமட்டல் வருகிறவர்கள் அரைமணி முன்னதாக ஒரு துண்டு இஞ்சி மரப்பா சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மரப்பா வேண்டாம். சிட்டிகை சுக்குப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கட்டும். ஏறும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

* கப்பலின் இரு முனைகளும்தான் அதிக உயரம் போகும். பயப்படுகிறவரை நடு வரிசையில் உட்கார வையுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டாவைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

* இரு கையாலும் கம்பியைப் பிடித்து, நேராகத் தொலைவில் பார்க்கட்டும். கீழே பார்க்க வேண்டாம். மூச்சை அடக்காமல், கப்பல் இறங்கும்போது வாய்வழியே மெதுவாக விடட்டும். நீங்களும் சேர்ந்து விடுங்கள். உங்கள் நிதானம் அவருக்கும் வரும்.

இறங்கியதும் பத்து நிமிடம் நிழலில் உட்கார வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். படபடப்பு தானாக அடங்கிவிடும். நெஞ்சுவலி, இடது கை அல்லது தாடையில் வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசி நிமிடத்தில் "வேண்டாம்" என்றாலும் வற்புறுத்தாதீர்கள். அவரோடு நீங்களும் வரிசையிலிருந்து வெளியே வந்து, ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுங்கள். அடுத்த தடவை உடம்புக்கு ஒன்று என்றால், முதலில் உங்களிடம்தான் சொல்வார்.