ஆட்டத்தை வெல்வதா, முடிப்பதா?

வீடியோ கேம் ஒன்றைக் கடைசிவரை ஆடித் தீர்த்ததைச் சொல்ல அமெரிக்கர் ‘பீட்’, அதாவது தோற்கடித்தல், என்ற வினையை ஆள, பிரிட்டனில் அதையே ‘கம்ப்ளீட்’, நிறைவு செய்தல், என்பதே பெருவழக்கு. ஜப்பானியர் ஆங்கிலத்தின் ‘கிளியர்’ என்ற சொல்லைக் கடன் வாங்கித் தம் நாவுக்கேற்ப ‘குரியா’ என்கிறார்கள். சீனரின் ‘தோங்குவான்’ என்பதற்குக் காவலுள்ள கணவாயைக் கடந்துபோதல் என்று பொருள்.

இவற்றைவிட விந்தையானது பிரேசில் நாட்டுப் போர்ச்சுகீசிய வழக்கு. அங்கே ஆட்டத்தை முடிப்பது ‘செரார்’, அதாவது சுழியமாக்குதல் எனப்படுகிறது. வெற்றிக்கும் சுழியத்துக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு, காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் இயந்திரங்களின் மதிப்பெண் பலகையே காரணம் என்று பொதுவாக விளக்கம் தரப்படுகிறது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் மதிப்பெண்ணைக் காட்ட நான்கு இலக்கங்களே இருந்தன. மதிப்பெண்கள் பத்துப் பத்தாகவே கூடியதால், 9990ஐ எட்டியவர் மேலும் பத்துப் புள்ளி பெற்றதும் பலகை 0000 என்று திரும்பியது. ஒரு படையை அழித்தால் அடுத்த படை இறங்கிவருமே தவிர, அந்த ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்று கிடையாது. ஆகவே இயந்திரத்தின் கணக்கையே தீர்த்துவிடுவதுதான் ஆடுபவர் எட்டக்கூடிய உச்சமாக இருந்தது. ஆஸ்திரேலியர் சொல்லும் ‘கிளாக்’ என்ற வினையும் இப்படி மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றிவருவதைக் குறித்ததே. அந்தப் பலகைகள் மறைந்த பின்னும் சொல் மட்டும் தங்கிவிட்டது.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகள் பரவியபோது ஆட்டங்களுக்குக் கதையும் முடிவும் வாய்த்தன. சிக்கலும் கூடவே வந்தது. 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ எட்டு உலகங்களையும், உலகத்துக்கு நான்காக 32 கட்டங்களையும் கொண்டது. ஆனால் இரண்டாம் கட்டத்தில் மறைந்துள்ள குழாய் வழியே நான்காம் உலகத்துக்கும், அங்கிருந்து இன்னொரு மறைவழியால் எட்டாம் உலகத்துக்கும் தாவுபவர் எட்டே கட்டங்களை ஆடி இளவரசியை மீட்டுவிடலாம். அவர் ஆட்டத்தைத் தோற்கடித்தவர் என்பதில் ஐயமில்லை. 24 கட்டங்களைக் கண்ணாலும் பாராதவரை நிறைவு செய்தவர் என்பது பொருந்தாது. பிரிட்டிஷ் சொல் இந்த இடத்தில் சறுக்குகிறது என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘கேமை முடிச்சிட்டேன்’ என்பதே இயல்பாக வருகிறது. ‘ஜெயிச்சிட்டேன்’ என்பது கேரம், சதுரங்கம் போல எதிரே ஓர் ஆள் இருக்கும் ஆட்டத்துக்கே பெரிதும் பொருந்துகிறது. முடித்தல் என்பது வெறும் நிறைவுச் சொல்லும் அன்று. ஒருவனின் ‘கதையை முடித்தான்’ என்றால் தமிழில் அவனைத் தீர்த்துக்கட்டினான் என்று பொருள். இளவரசியைச் சிறைவைத்த பவுசரை நெருப்புக் குழம்பில் வீழ்த்துபவர் ஆட்டத்தின் கதையையும் பவுசரின் கதையையும் ஒருசேர முடிக்கிறார் என்பதால், ‘பீட்’, ‘கம்ப்ளீட்’ இரண்டும் தனித்தனியே சொல்வதை இந்த ஒற்றை வினை சொல்லிவிடுகிறது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்துக்கு மட்டும் அது உதவாது. அதில் முடிப்பதற்கு ஒரு கதையே இல்லை.