கண் சொட்டுமருந்தும் கருவில் வளரும் குழந்தையும்

கர்ப்பிணிக்குக் கண் சிவந்தால், "மருந்து எதையும் போட்டுடாதே, குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அந்தப் பயம் சில மருந்துகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. ஹெர்ப்பீஸ் வைரஸ் கருவிழியில் புண் உண்டாக்கியிருந்தால், மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. தழும்பு விழுந்து பார்வையே மங்கிவிடலாம்.

சொட்டு எங்கே போகிறது?

கண்ணில் விட்டது கண்ணோடு நிற்பதில்லை. உள்மூலையிலுள்ள நுண்துளை வழியாக மூக்குக்கு வடிந்து, கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. சொட்டு விட்டதும் தொண்டை கசப்பது அதனால்தான். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் கலப்பது வெகுவாகக் குறையும்.

மருந்துக்கு மருந்து வேறு

ஹெர்ப்பீஸுக்குக் கண் களிம்பாகக் கிடைக்கும் அசைக்ளோவிர், வைரஸ் புகுந்த செல்லில்தான் முழுவீச்சில் வேலை செய்யும். டென்மார்க்கில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் அசைக்ளோவிரோ அதே வகை மருந்துகளோ எடுத்த 1,804 பேரின் குழந்தைகளில் 2.2 சதவீதத்துக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. எடுக்காதவர்களிடம் 2.4 சதவீதம். மாத்திரையே இப்படி என்றால், களிம்பில் உடலுக்குள் போவது இன்னும் சொற்பம்.

கான்சைக்ளோவிர் கதை வேறு. ஊசியாகச் செலுத்தியபோது முயல் குட்டிகளுக்கு அண்ணப்பிளவும் கண் வளர்ச்சிக் குறையும் வந்தன. விழித்திரையைத் தாக்கும் சிஎம்வி (சைட்டோமெகலோ) வைரஸுக்குத் தரப்படும் வால்கான்சைக்ளோவிர் மாத்திரை உடலுக்குள் கான்சைக்ளோவிராகவே மாறுகிறது. அதனால் சிகிச்சை முடிந்த பின்னும் பெண்கள் 30 நாள், ஆண்கள் 90 நாள் கருத்தடையைத் தொடர வேண்டும். ஆண்களுக்கும் இது உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கான்சைக்ளோவிர் கண் ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு; ஆனாலும் கர்ப்பத்தில் தேவையை எடைபோட்டே தருவார்கள்.

1960களின் வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஐடாக்சியூரிடின், முயலின் கண்ணில் சொட்டாக விட்டபோதே குட்டிகளில் குறை உண்டாக்கியது. பின்னர் வந்த ட்ரைஃப்ளூரிடின் சொட்டு அப்படிச் செய்யவில்லை.

கடையில் கேட்டு வாங்காதீர்கள்

மெட்ராஸ் ஐக்கு இந்த மருந்துகள் எதுவும் தேவையில்லை. அதைவிட மோசம், கடையில் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு: ஹெர்ப்பீஸ் புண்ணை அது வேகமாகப் பரப்பிவிடும். கண் மருத்துவரிடம் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும் சொல்லுங்கள்.

கர்ப்பம் தெரியாமல் அசைக்ளோவிர் களிம்பு போட்டிருந்தால், அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வழக்கமான 18–20 வார ஸ்கேனைத் தவறவிடாமல் எடுங்கள். வால்கான்சைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மட்டும், ஸ்கேன் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.